கொற்கையும் மீன் பேனும்

கொற்கைக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு போவதென்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம். மதுரைக்கு அழைத்துப் போனால் கோபுரம் பேசிவிடும். மாமல்லபுரத்தில் கல் பேசிவிடும். கொற்கையிலோ நாம்தான் பேசியாக வேண்டும். பேசுகிறவன் கதை எழுதிப் பிழைக்கிறவனாக இருந்துவிட்டால் கேட்கிறவர் முகத்தில் ஒரு புன்னகை வந்துவிடுகிறது. இதையும் கதையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அந்தப் புன்னகையின் பொருள்.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்திருந்த என் நண்பர் ஒருவரை அங்கே அழைத்துப் போனேன். அவர் வக்கீல். நாற்பது வருஷமாகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே பழகிப்போனவர். ஏரலைத் தாண்டி ஊருக்குள் போனோம். வாழைத் தோட்டம், நெல் வயல், குளம், குளத்தில் கொக்கு. இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரார் சொல்லும் வன்னி மரத்தையும் பார்த்தோம். எல்லாம் பார்த்துவிட்டு நண்பர் மெதுவாகக் கேட்டார்:

"கடல் எங்கே ஐயா?"

"கிழக்கே நாலைந்து மைல்" என்றேன்.

"துறைமுகம்?"

"நாம் நிற்கிற இடந்தான்."

அவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளூஸ்' எழுதிய கிரேக்க மாலுமி இந்த ஊரைக் 'கொல்கி' என்று குறித்திருப்பதையும், இங்கே பாண்டியனுக்காக முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அவன் எழுதியிருப்பதையும் சொன்னேன். தாலமி இதே ஊரைத் தன் பூகோளத்தில் சேர்த்திருப்பதைச் சொன்னேன். அகநானூற்றில் கொற்கை முத்துக்கு இருக்கும் பெருமையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பத்திரம் பலமாகத்தான் இருக்கிறது. அனுபோகம் இல்லையே! கடலே இல்லாத ஊரைத் துறைமுகம் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வீர்?" என்றார்.

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் மறுநாள் காலையில், தூத்துக்குடி மீன்பிடித் துறையில், ஒரு கறுப்பு வாவல் மீனின் வாய்க்குள்ளிருந்து கிடைத்தது.

தூத்துக்குடியில் நாங்கள் தங்கியிருந்தது விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற இன்னொரு நண்பர் வீட்டில். விடியற்காலையில் மீன் வாங்க அவர் புறப்பட, நாங்களும் கூடப் போனோம். கரையில் ஒரு பெரியவர் வாவல் மீனைத் தூக்கி, செவுளைக் காட்டுவதற்காகப் பிடித்தார். மீனின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து ஏதோ எட்டிப் பார்த்தது. வெளுத்த நிறம், கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, கட்டுக் கட்டாக மடிந்த முதுகு, இரண்டு சிறு கண்கள். வக்கீல் நண்பர் ஓரடி பின்வாங்கினார்.

"என்ன ஐயா இது?" என்று கேட்டேன்.

"மீன் பேனு தம்பி. நாக்கு மேல ஏறி உக்காந்துக்கிடும். பயப்படாதிய, மீனு நல்ல மீனுதான். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு ஆக்குனா ஒண்ணும் செய்யாது" என்றார் பெரியவர்.

சற்றுத் தள்ளி ஒரு மயில் மீன் கிடந்தது. முதுகில் தோகை விரித்தாற்போல் துடுப்பு கொண்ட பெரிய மீன். அதன் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த கயிறு ஒன்று தொங்கியது. ஒரு முனை மீனின் சதைக்குள் புதைந்திருந்தது. மறு முனையில் பறவை இறகு போன்ற குஞ்சம். தூண்டில் அறுந்து நிற்கிறது என்றுதான் நான் நினைத்தேன். பேராசிரியர் அதைத் தொட்டுக் காட்டி, "இதற்கு உயிர் உண்டு. பெயர் பென்னெல்லா. சிறு இறகு என்று அர்த்தம். அந்த வாவல் வாயில் இருந்ததும் இதுவும் ஒரே குலம். இரண்டும் இறாலுக்குச் சொந்தக்காரர்கள்" என்றார்.

வக்கீல் நண்பர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். தலை இல்லை, கண் இல்லை, கால் இல்லை. முந்தின நாள் கொற்கையில் சிரித்த அதே சிரிப்பை மறுபடி சிரித்தார்.

"இதுவா இறாலுக்குச் சொந்தம்? சாட்சி?"

பேராசிரியருக்கும் எனக்கு வந்த மாதிரியே ரோஷம் வந்தது. ஆனால் என்னைப்போல் அவர் திணறவில்லை. வீட்டுக்குத் திரும்பி, காப்பி குடித்துக்கொண்டே முழு வழக்கையும் எடுத்து வைத்தார். அதைத்தான் நேயர்களுக்கு இங்கே சொல்லப்போகிறேன்.

மீனின் உடம்பில் தொங்கும் இந்த மாதிரிக் கயிறுகளையும் பைகளையும் மீனவர்கள் நெடுங்காலமாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். ஜீவராசிகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இவற்றில் சிலவற்றுக்கு 'லெர்னேயா' என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் பல தலைப் பாம்பு ஒன்று குடியிருந்த சதுப்பு நிலத்தின் பெயர் லெர்னா. பெயர் அழகாக அமைந்தது; இடம் அமையவில்லை. 1758-ல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் அவர் இவற்றைப் புழுக்களோடு சேர்த்தார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு மேதை கூவியேயும் இவற்றைக் குடற்புழுக்களின் பக்கத்தில்தான் உட்கார வைத்தார். அவர்கள் மேல் குற்றமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். கண்ணுக்குத் தெரிந்தது புழுதான்.

இதற்கிடையில் வேறொரு மூலையில் வேறொரு தவறு நடந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓ. எப். முல்லர் என்பவர் நீர்த்துளிகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து வந்தார். நடு நெற்றியில் ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடிக் கால்களும் கொண்டு துள்ளித் துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிர்களைக் கண்டார். இது ஒரு தனி ஜாதி என்று எண்ணி, 1785-ல் வெளியான நூலில் 'நாப்லியஸ்' என்று பெயரிட்டார். அது தனி ஜாதி அல்ல, பல ஜாதிகளுக்குப் பொதுவான குழந்தை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, இது பெரிய மனிதன் என்று எண்ணிப் பெயர் வைத்த கதை அது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் நண்டு இறால் குலத்தின் அந்தக் குஞ்சுப் பருவத்துக்கு நாப்லியஸ் என்றே பெயர்.

இரண்டு தவறுகளும் 1832-ல் ஒன்றையொன்று சந்தித்தன. பின்லாந்தில் பிறந்த நார்ட்மான் என்ற இளைஞர், மீன்களின் செவுளில் ஒட்டியிருந்த இந்தப் 'புழு'க்களின் முட்டைச் சரங்களைப் பொறுமையாகக் கவனித்தார். முட்டை வெடித்து வெளியே வந்தது புழுக்குட்டி அல்ல. ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடிக் கால்களும் கொண்ட நாப்லியஸ்! தாயைப் பார்த்தால் புழு, பிள்ளையைப் பார்த்தால் நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. பிள்ளை பொய் சொல்லவில்லை, தாய்தான் உருமாறிவிட்டாள் என்று நார்ட்மான் பெர்லினில் அச்சிட்ட நூலில் எழுதினார். லெர்னேயாக்கள் புழுக் கூட்டத்திலிருந்து வெளியேறி, நீரில் சுதந்திரமாக நீந்தித் திரியும் துடுப்புக்காலிகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

"இறால் எங்கே வந்தது இதில்?" என்று வக்கீல் குறுக்கிட்டார்.

"வருகிறது" என்றார் பேராசிரியர். பிரேஸில் நாட்டில் குடியேறி வாழ்ந்த பிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர், அங்கே கடலில் கிடைத்த இறால் வகை ஒன்றும் நாப்லியஸாகவே வாழ்க்கையைத் தொடங்குகிறது என்று கண்டார். அதை 1864-ல் வெளியிட்ட சிறு நூலில், டார்வின் கொள்கைக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டினார். நம் சந்தையில் விற்கும் பெரிய இறால்களும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவைதாம். அவையும் பிறக்கும்போது ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடிக் கால்களுமாகவே பிறக்கின்றன. மயில் மீனின் விலாவில் தொங்கிய கயிறும் அப்படியே பிறந்ததுதான்.

பிறகு அதற்கு என்ன ஆயிற்று? முட்டையிலிருந்து வந்தது நீந்திற்று. தோல் உரித்துக் கொஞ்சம் வளர்ந்தது. முதலில் ஒரு கணவாயைத் தேடிப் பிடித்து அதில் ஒட்டிக்கொண்டது. அங்கேதான் அதற்குக் கல்யாணம். ஆணின் வாழ்க்கை அதோடு சரி. கருவுற்ற பெண் மட்டும் மறுபடி கடலில் இறங்கி ஒரு பெரிய மீனைத் தேடுகிறது. மீனின் தோலைத் துளைத்துத் தலையை உள்ளே நுழைக்கிறது. அதன் பிறகு கால் எதற்கு? கண் எதற்கு? தலையில் கொம்பு போன்ற நங்கூரங்கள் முளைத்துச் சதையில் பதிகின்றன, உடம்பு நீள்கிறது, கால்கள் வளராமல் நின்று, புள்ளி போல் ஆகின்றன. திமிங்கிலத்தின் மேல் வாழும் பென்னெல்லா ஒன்று ஓரடிக்கு மேல் வளர்கிறது. பிறக்கும்போது பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாத குலத்தில் இது ராட்சசப் பிறவி.

எல்லாமே இவ்வளவு தூரம் உருமாறுவதில்லை. காலிகஸ் என்று ஒரு வகை உண்டு. தட்டையான கேடயம் போன்ற முதுகோடு மீனின் தோலில் ஊர்ந்து திரியும். அதன் இளம் பருவத்தில் நெற்றியிலிருந்து ஒரு நூல் சுரந்து, அந்த நூலாலேயே மீனோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. தோணியைக் கரையில் கட்டிப்போடுகிற மாதிரி. கட்டியபடியே பல முறை தோல் உரித்து வளர்ந்து, பிறகு கட்டை அறுத்துக்கொண்டு நடமாடத் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த சி. பி. ஞானமுத்து இவற்றைப் பற்றி ஆராய்ந்தார். அவர் விவரித்த ஒன்றுக்கு, நம் சாவாளை மீனை நினைவூட்டும் 'சவாலா' என்ற பெயரையே வைத்திருக்கிறார். சென்னையின் மீன்கள் இரண்டில் கண்ட ஒரு புதிய லெர்னேயாவையும் அவர் 1951-ல் உலகத்துக்கு அறிவித்தார்.

நண்டைப் பிடிக்கும் சாக்குலைனாவின் கதை இன்னும் விசித்திரமானது. நண்டின் வயிற்று மடிப்புக்கு அடியில், முட்டை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் பை. அவ்வளவுதான் வெளியே தெரிவது. அதன் வேர்கள் நண்டின் உடம்பு முழுவதும் ஓடியிருக்கும். அயர்லாந்தில் இருந்த ஜே. வி. தாம்ப்சன் என்ற ராணுவ வைத்தியர், அந்தப் பையிலிருந்தும் நாப்லியஸ்களே வெளிவருவதை 1836-ல் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கப்பல் அடியில் கூம்புச் சிப்பி போல் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் என்பதும் சிப்பி அல்ல, நண்டு குலமே என்று குஞ்சைப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான். சாக்குலைனா அந்தப் பார்னக்கிளுக்கு நெருங்கிய உறவு. அதன் குஞ்சு, ஊசி போடுகிற மாதிரித் தன் உயிர்த் துளியை நண்டுக்குள் செலுத்துவதை 1884-ல் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். நுழைந்தது ஆண் நண்டுக்குள் என்றால், அந்த நண்டின் வயிறு பெண் நண்டின் வயிறு போல் அகன்று விடுகிறது. ஒட்டிய பையைத் தன் முட்டை என்றே எண்ணித் துடைத்துக் காத்து வளர்க்கிறது.

"மீன் பேனுக்கு வருவோம்" என்றேன் நான். வாவல் வாயிலிருந்து எட்டிப் பார்த்த அந்த இரண்டு கண்கள் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

மீன் பேனின் வழக்கு எளிது என்றார் பேராசிரியர். அதற்கு ஏழு ஜோடிக் கால்கள் பெரியதான பிறகும் இருக்கின்றன. ஈரமான தொட்டியடியில் கிடக்கும் மரப்பேன் எனும் பூச்சிக்கும் அதே ஏழு ஜோடிதான். இரண்டும் ஒரே வரிசை. வாவல் வாயில் குடியிருப்பதற்கு 'சைமோதோவா எரெமிட்டா' என்று பெயர். எரெமிட்டா என்றால் தனித்திருக்கும் துறவி. துறவிக்குக் குடும்பமும் உண்டு என்பதுதான் வேடிக்கை. இந்த இனத்தில் எல்லோரும் முதலில் ஆணாகவே வளர்கிறார்கள், பிறகு பெண்ணாக மாறுகிறார்கள். தாய் தன் வயிற்றின் அடியில் ஒரு பையில் குஞ்சுகளைச் சுமந்து வளர்த்து வெளியே விடுகிறாள். கலிபோர்னியா வளைகுடாவில் வாழும் இதன் சகோதர இனம் ஒன்று, மீனின் நாக்கையே தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் தானே நாக்காக அமர்ந்திருப்பதை 1983-ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

இந்தக் குடும்பத்தின் பெயர்களில் கதை எழுதுகிறவனுக்குப் பிடித்த ஒரு சேதி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த வில்லியம் லீச் என்பவர் 1818-ல் இவற்றுக்கும் இவற்றின் உறவினருக்கும் வரிசையாகப் பெயர் வைத்தார். நெரோசிலா, அனிலோக்ரா, சிரோலானா, கோனிலெரா, ரோசினெலா. ஒன்றுக்கும் லத்தீனில் அர்த்தம் கிடையாது. எல்லாம் கரோலினா, கரோலின் என்ற பெண் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றி மாற்றி அடுக்கியவை. அந்தக் கரோலின் யார் என்று அவர் சொல்லிவைக்கவில்லை. சில ஆண்டுகளில் உடம்பும் மனமும் சோர்ந்து வேலையை விட்டார். 1836-ல் இத்தாலியில் வாந்திபேதியில் இறந்தார். நம் கடல் மீனின் தோலில் கடித்துக்கொண்டு கிடக்கும் நெரோசிலாவில் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் கலைந்து கிடக்கிறது.

இறாலுக்கே ஒட்டுண்ணி உண்டு என்றும் சொன்னார். இறாலின் தலை ஓட்டில் ஒரு பக்கம் மட்டும் கன்னம் வீங்கினாற்போல் புடைத்திருந்தால், உள்ளே செவுளில் போபிரஸ் குடும்பத்துப் பெண் ஒருத்தி கோணல்மாணலாக வளர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவள் உடம்பிலேயே ஒரு குட்டி ஆணும் ஒட்டிக்கொண்டிருப்பான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சுக் கடற்கரை மீனவர்கள் அந்தப் புடைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, தட்டை மீனின் குஞ்சுகளை இறால்தான் தாதியாக இருந்து வளர்க்கிறது என்று நம்பினார்கள். பூஷெரூ என்ற அறிஞர் 1772-ல் அதை ஆராய்ந்து, இது மீன் குஞ்சு அல்ல என்று நிலைநாட்டினார். நம் நாட்டு இறால்களில் இந்தக் குடும்பத்தை விரிவாக ஆராய்ந்து, கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் ஏட்டில் 1923-ல் நீண்ட கட்டுரை எழுதியவர் பி. சோப்ரா.

வக்கீல் நண்பர் இப்போது சிரிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"பிள்ளையைப் பார்த்துத் தாயின் குலத்தைச் சொல்கிறீர். ஒரே சாட்சிதானே! அந்தச் சாட்சி தவறினால்?" என்றார்.

"நல்ல கேள்வி. அதனால்தான் அவர்கள் ஒரு சாட்சியோடு நிற்கவில்லை" என்றார் பேராசிரியர்.

1859-ல் தோரெல் என்ற ஸ்வீடன்காரர் துடுப்புக்காலிகளை அவற்றின் வாயமைப்பைக் கொண்டு பிரித்தார். கடிக்கும் வாய், குழாய் போன்ற வாய் என்று. அதில் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. ஒட்டி வாழ்கிறவர்களின் வாய் தொழிலுக்கேற்ப மாறிவிடும். ஒரே தொழில் செய்கிறவர்கள் உறவினர் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே காலின் கணு, மயிர், வளரும் படிகள் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. போலந்தில் பிறந்து, போர்க்காலத்தில் தலைமறைவுப் படையில் போராடி, பிறகு மீன்பிடி கப்பலில் வேலை பார்த்து, அதன் பிறகு விஞ்ஞானியான கபாட்டா என்பவர் 1979-ல் எழுதிய பெரிய நூல் இந்தத் துறைக்கு ஒரு நிகண்டு. நம் பக்கத்தில் திருவனந்தபுரத்து என். கிருஷ்ண பிள்ளை, இந்தியக் கடல் மீன்களின் துடுப்புக்காலி ஒட்டுண்ணிகளைத் தொகுத்து எழுதிய பெருநூல் 1985-ல் வந்தது.

பாம்பின் நுரையீரலில் வாழும் நாக்குப்புழு என்று ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் அது எந்தக் குலம் என்றே முடிவாகாமல் கிடந்தது. 1972-ல் விங்ஸ்ட்ராண்ட் என்பவர் அதன் விந்தணுவை மின்னணு நுண்பெருக்கியில் பார்த்து, மீன் தோலில் வாழும் ஆர்குலஸ் என்ற பேனின் விந்தணுவோடு அது ஒத்திருக்கிறது என்றார். 1989-ல் மரபணுச் சான்றும் அதையே சொன்னது. பாம்புக்குள் இருக்கும் புழுவும் நண்டு இறால் குலமாயிற்று! 1983-ல் டான்ட்டுலோகாரிடா என்று முற்றிலும் புதிய பிரிவே ஏற்பட்டது. இவை மற்ற சிறு கடல் ஓட்டுயிர்களின் மேல் ஒட்டி வாழ்கின்றன; இவற்றில் மிகச் சிறியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேனுக்குப் பேன் என்று நம்மவர் விளையாட்டாகச் சொல்வது மெய்யாகவே இருக்கிறது.

"இதற்கும் எங்கள் முத்துக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டேன். ஊர்ப் பாசம் விடுமா?

உண்டு என்றார். 1891-க்குப் பிறகு பல ஆண்டுகள் இலங்கைப் பக்கத்துப் பார்களில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சிப்பிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தன. வருமானம் போயிற்றே என்று கவலைப்பட்ட இலங்கை அரசாங்கம், லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மானை வரவழைத்தது. அவர் 1902-ல் வந்தார். மன்னார் வளைகுடாவின் பார்களைச் சுற்றிப் பார்த்து, ஜேம்ஸ் ஹார்னெல் என்ற துணைவரை இங்கே விட்டுவிட்டுப் போனார். ஹார்னெல் பிறகு நம் பக்கத்துப் பார்களையும் ஆராய்ந்து 1905-ல் அறிக்கை எழுதினார். ஹெர்ட்மானின் அறிக்கையோ 1903-லிருந்து 1906 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. அரசாங்கம் கேட்டது முத்து. ஹெர்ட்மான் கடலையே அள்ளிக் கொடுத்தார். தாம்ப்சனும் ஸ்காட்டும் அந்தக் கடலின் துடுப்புக்காலிகளைப் பற்றி எழுதினார்கள். விஞ்ஞானம் அதுவரை அறியாத இனங்கள் அவற்றில் இருந்தன. ஐந்தாம் தொகுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த சி. பி. வில்ஸன், ஹெர்ட்மான் சேகரித்த ஒட்டுண்ணித் துடுப்புக்காலிகளைப் பற்றி எழுதினார். உலகத்தில் இந்தத் துறைக்கே தலைவராக விளங்கியவர் அவர்.

முத்துக்குக் காரணம் சிப்பிக்குள் புகுந்து சாகும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு என்று ஹெர்ட்மான் கருதினார். இலங்கையில் பிறந்த கெலார்ட் என்ற வைத்தியர் 1850-களிலேயே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார். பிற்பாடு வந்த ஆராய்ச்சி அந்தக் கொள்கையை அப்படியே ஏற்கவில்லை. புழுவோ வேறெதுவோ, சிப்பியின் மேலாடைத் தோலில் ஒரு துணுக்கு உள்ளே சென்று பையாக மூடிக்கொண்டால், அந்தப் பைதான் முத்தைச் சுரக்கிறது. அந்த வழியிலேயே கே. அழகர்சாமி 1973-ல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். கடலில் இறங்கிக் குளிக்கும் பெரிய முத்துச் சிலாபம் தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. பாண்டியன் காலத்தில் குற்றவாளிகள் உயிரைக் கொடுத்து எடுத்தது, சிப்பியின் உடம்பில் ஏற்பட்ட ஒரு தொந்தரவின் தழும்பு என்பது மட்டும் நிச்சயம்.

பேராசிரியர் முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குத்தான் முந்தின நாள் பாக்கி நினைவுக்கு வந்தது. வக்கீலைப் பார்த்துச் சொன்னேன்:

"நேற்று நீர் கொற்கையைப் பார்த்து, கடல் இல்லையே என்றீர். அந்த மயில் மீன் கயிற்றுக்கும் கால் இல்லை. கால் இல்லாததால் அது இறாலுக்குச் சொந்தம் இல்லையென்று ஆகிவிட்டதா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. கொற்கையின் குழந்தைப் பருவத்துக்கு என்ன சாட்சி? பாட்டு வேண்டாம். கையில் பிடிக்கிற சாட்சி சொல்லும்" என்றார்.

இந்தத் தடவை நான் திணறவில்லை. தாமிரபரணி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்கு மலையிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டுகிறது. கடல் அந்த அளவுக்குக் கிழக்கே தள்ளிப் போயிற்று. கொற்கை தூர்ந்தது; காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது காயலைத்தான். காயலும் தூர்ந்து, புன்னைக்காயல் வந்து, கடைசியில் தூத்துக்குடி வந்தது. ஒரே துறைமுகம் தோல் உரித்து உரித்து இடம் மாறிய கதை இது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் 1870-களிலேயே கொற்கையில் தோண்டிப் பார்த்தார். 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்த ஊரைப் பற்றி எழுதினார். பாண்டியரின் நாணயச் சாலை இருந்ததைச் சொல்லும் அக்கசாலை என்ற பெயர் கொற்கையை அடுத்து இன்றும் வழங்குகிறது. 1968-69-ல் தமிழக அரசின் தொல்பொருள் துறை அங்கே அகழ்ந்தது. கிடைத்த பொருளின் வயதைக் கார்பன் முறையில் கணித்தபோது கி.மு. 785-ஐ ஒட்டி வந்தது. 2021-ல் மறுபடியும் அகழ்ந்தார்கள். பெயர் ஒன்று சொல்கிறது. யவனன் ஏடு ஒன்று சொல்கிறது. ஆற்று வண்டல் ஒன்று சொல்கிறது. மண்ணுக்குள் கிடப்பது ஒன்று சொல்கிறது. தனித்தனியே எந்தச் சாட்சியையும் வக்கீல் மடக்கிவிடலாம். நாலு பேரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே சேதியைச் சொன்னால்?

அவர் பதில் சொல்லவில்லை. சென்னைக்கு ரயில் இரவில்தான். "மத்தியானம் இன்னொரு தடவை அந்த ஊருக்குப் போய்வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

போனோம். அதே வாழை, அதே குளம், அதே கொக்கு. வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் ஓரிடத்தில் குனிந்தார். மண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு துண்டை எடுத்தார். சங்குத் துண்டு. ஒரு பக்கம் இயற்கையாக உடைந்திருந்தது. இன்னொரு பக்கம் வாளால் அறுத்தது போல் நேராக இருந்தது. வெறும் சிப்பி என்றால் கடல் இருந்தது என்று மட்டும் சொல்லும். அறுத்த சங்கு, அதை அறுத்த கையும் இங்கே இருந்தது என்று சொல்லும். அவர் அதைத் திருப்பித் திருப்பி வெகு நேரம் பார்த்தார்.

"எடுத்துக்கொண்டு போகப்போகிறீரா?" என்று கேட்டேன்.

"சாட்சியை அது நிற்க வேண்டிய இடத்திலிருந்து கிளப்பக் கூடாது" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தார். பிறகு நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். அங்கே வாழைத் தோட்டந்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.